சோறு தொடுகறி ஆகும்போது

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் உணவுக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதல் ஆறு, எட்டு வாரங்களுக்கு அது தையல் போட்ட இரைப்பையைத் தொந்தரவு செய்யாமல் கடந்துபோக வேண்டும். அதன் பிறகு, ஒரு காபி டம்ளர் அளவுக்குச் சுருங்கிவிட்ட பை வழியாக முழு உடலுக்கும் வேண்டிய சத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும். முன்னதில் பார்க்க வேண்டியது உணவின் பதம். பின்னதில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு கரண்டியிலும் என்ன இருக்கிறது என்பது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, இரண்டாம் மாதத்திலும் கஞ்சியையே குடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. பத்தாம் நாளே இட்லியைப் பிட்டு வாயில் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு.

வயது வந்த ஒருவரின் இரைப்பை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு லிட்டருக்கு மேலும் விரிந்து கொடுக்கும். இன்று அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் அறுவையில், அதன் புடைத்த வெளிப்பக்கத்தில் 75 முதல் 80 சதவீதம் வரை நீளவாக்கில் வெட்டி எடுக்கப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். கொள்ளளவு சுமார் 100 முதல் 150 மில்லி. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்நுனியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பையைப் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதனுடன் இணைக்கிறார்கள். இதனால் உணவு, இரைப்பையின் பெரும்பகுதியையும் முன்சிறுகுடலையும் தொடாமலே கீழே போய்விடுகிறது. இந்த வழியை 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் தொடங்கிவைத்தார்கள். 1997-இல் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கிய, ஒரே ஓர் இணைப்பு மட்டும் கொண்ட மினி பைபாஸ் இந்தியாவில் பரவலாகச் செய்யப்படுகிறது. எந்த அறுவை செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து மாத்திரைகளின் அளவும் சில எச்சரிக்கைகளும் மாறும். ஆனால் முதல் மூன்று மாத உணவு ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்.

கொள்ளளவு குறைவது கதையில் பாதிதான். ஸ்லீவில் வெட்டி எறியப்படும் மேல்வளைவில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. 1999-இல் ஜப்பானில் மசயாசு கோஜிமா, கென்ஜி கங்காவா குழுவினர் கண்டறிந்த பொருள் அது. வெட்டிய பிறகு அதன் அளவு சரிகிறது. உணவு விரைவாகக் குடலை எட்டுவதால் நிறைவுணர்வு தரும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. ஆகவே முதல் மாதங்களில் பலருக்குப் பசியே எடுப்பதில்லை. பசித்துப் புசி என்பது மற்றவர்களுக்கு நல்ல அறிவுரை; இவர்களுக்கு ஆபத்தான அறிவுரை. பசிக்காகக் காத்திருந்தால் காலை பத்து மணி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூட இறங்கியிருக்காது. இந்தக் காலத்தில் சாப்பாட்டு நேரத்தைச் சொல்ல வேண்டியது வயிறல்ல, கடிகாரம்.

உணவுத் திட்டம் அறுவைக்கு முன்பே தொடங்கிவிடும். பருமனானவர்களின் கல்லீரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருக்கும். அதன் இடதுபுற மடல் இரைப்பையின் மேல் கூரைபோலக் கவிந்து, கருவிகளுக்கு வழிவிடாது. அதனால் அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு, நாளொன்றுக்கு 800 கலோரியை ஒட்டிய, மாவுச்சத்து குறைந்த உணவைப் பல மருத்துவமனைகள் பரிந்துரைக்கின்றன. கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையையும் கொழுப்பையும் செலவழித்துச் சுருங்கிவிடும்.

அறுவை முடிந்த முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர்மம் மட்டுமே: தண்ணீர், வடிகட்டிய காய்கறி சூப் அல்லது எலும்பு சூப், நீர்மோரின் தெளிவு, சர்க்கரை போடாத இலேசான எலுமிச்சை நீர். ஒரு முறைக்கு 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அடுத்த முறை கால் மணி நேரம் கழித்து. காய்ச்சல் மருந்துடன் வரும் சிறு பிளாஸ்டிக் கிண்ணமே இதற்கு அளவுபாத்திரம். உறிஞ்சுகுழாய் வேண்டாம் என்று பலரும் சொல்வது, தண்ணீரோடு காற்றும் உள்ளே போய் வயிற்றை அடைத்துக்கொள்ளும் என்பதால். கணக்குப் போட்டால் இந்த வேகத்தில் ஒன்றரை லிட்டர் இறங்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விழித்திருக்கும் நேரமெல்லாம் குடித்துக்கொண்டே இருப்பதுதான் முதல் வாரத்தின் முழுநேர வேலை. வீடு திரும்பியவர்கள் மறுபடி மருத்துவமனைக்கு ஓட நேர்வதற்கான முக்கியமான காரணங்களில் ஒன்று நீர்வற்றல். சிறுநீர் அடர்மஞ்சளாவதும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதும் அதன் அறிகுறிகள்.

அடுத்த இரண்டு வாரங்களுக்கு நீர்மம் கொஞ்சம் கெட்டிப்படும். பால், மோர், கரைத்த தயிர், மசித்து வடிகட்டிய பாசிப்பருப்பு, கோழிக்கறி சேர்த்து அரைத்த சூப், புரதத்தூள் கரைத்த பானம். வெட்டிய இரைப்பையின் ஓரம் டைட்டானியம் ஸ்டேப்பிள்களால் மூடப்பட்டிருக்கிறது. அந்த ஓரம் தானாக ஒட்டி ஆறுவதற்கு முன் கெட்டியான உணவு உள்ளே அழுத்தம் ஏற்படுத்தினால் கசிவு நேரலாம். கசிவு அரிது, நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், அடங்காத வயிற்றுவலி, ஓய்விலும் குறையாத வேகமான நாடித்துடிப்பு, இடது தோளில் வலி ஆகியவை முதல் வாரங்களில் தோன்றினால், அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் நேரம் அல்ல அது. அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

இங்கே தமிழ்ச் சமையலறை ஒரு வகையில் உதவும், இன்னொரு வகையில் ஏமாற்றும். உடம்புக்கு முடியாதவருக்கு ஆக்கிக் கொடுப்பதற்கென்றே ஒரு தனிச் சமையல் மரபு இங்கே உண்டு. நொய்க்கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, பார்லித் தண்ணீர், பாலில் நனைத்த பன், ரஸ்க், குழைய வடித்த ரசம் சாதம், ஹார்லிக்ஸ். எல்லாம் எளிதில் இறங்கும். எல்லாம் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. மூன்று நாள் காய்ச்சலில் கிடப்பவருக்கு அதனால் குறையில்லை. நான்காம் நாள் அவர் பழையபடி சாப்பிடப்போகிறார். எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு உணவுக் குறைவு மூன்று நாளில் முடிவதில்லை, மாதக்கணக்கில் நீள்கிறது. ஒரு டம்ளர் நொய்க்கஞ்சி இரைப்பையை நிறைத்துவிடும். அதில் இரண்டு மூன்று கிராம் புரதம் இருந்தால் அதிகம். பரிவோடு ஊட்டப்படும் கஞ்சியே சத்துக்குறைவுக்கு வழி திறந்துவிடுகிறது. அதே டம்ளரில் கெட்டியான பருப்புத் தண்ணீரோ பால்பவுடர் கலந்த பாலோ இருந்தால் இரண்டு மூன்று மடங்கு புரதம் கிடைத்துவிடும்.

மூன்றாம் நான்காம் வாரங்களில் மசித்த உணவு. மிக்சியில் ஓட்டி, கரண்டியில் எடுத்தால் வழுக்கி விழும் பதம் போதும். பாசிப்பருப்பு மசியல், உதிர்த்து மசித்த மீன், தயிருடன் அடித்த பனீர், தோல் சீவி வேகவைத்த சுரைக்காய், பூசணி, கேரட். ஒரு வேளைக்கு நான்கைந்து மேசைக்கரண்டி இறங்கினால் அதுவே நிறைவு. ஐந்தாம் வாரம் முதல் மென்மையான உணவு: முட்டைப் பொடிமாஸ், முள் நீக்கிய மீன் புட்டு, கொத்துக்கறியைக் குழைய வேகவைத்த குழம்பு, கெட்டிப் பருப்புக் கூட்டு. இரண்டு, மூன்று மாதங்களுக்குள் பெரும்பாலோர் குடும்பத்தின் வழக்கமான சமையலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இந்த வார எல்லைகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். கையில் கொடுத்தனுப்பிய அட்டவணையே அவரவருக்குச் சட்டம். பக்கத்து வீட்டுக்காரர் பத்து நாள் முன்னதாகவே தோசை தின்றார் என்பது சான்றாகாது.

எதிர்பாராத ஒன்று: மென்மையாகத் தெரியும் உணவெல்லாம் எளிதாக இறங்குவதில்லை. குறுகிய குழாயில் அதிகம் சிக்குபவை வெள்ளை பிரெட், குழைந்த சோறு, உலர்ந்த இறைச்சி ஆகிய மூன்றும்தான். பிரெட்டும் பரோட்டாவும் எச்சிலில் ஊறி மாவு உருண்டையாகிவிடும். சோறு பசையாகத் திரளும். கோழியின் நெஞ்சுக்கறி, அதிலும் காலையில் சமைத்து இரவில் சூடாக்கியது, எவ்வளவு மென்றாலும் நாராகவே நிற்கும். குழம்பில் ஊறிய தொடைக்கறி இறங்கும். முட்டை முந்தைய நாள் வரை பிடித்ததாக இருந்து, அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்கு வாடையே ஆகாமல் போவதும் நடக்கிறது. ஒத்துக்கொள்ளாததை ஒதுக்கிவைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு கரண்டி பார்ப்பதே முறை. நாக்கின் விருப்பு வெறுப்புகள் இந்த மாதங்களில் நிலையாக இருப்பதில்லை.

இனிப் புரதம். எடை வேகமாகக் குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கரைகிறது. தசையைக் காக்க உணவில் புரதமும் அன்றாட நடையும் சிறு எடைப் பயிற்சியும் தேவை. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. முதல் வாரங்களில் மொத்த உணவே 500 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். பல மாதங்கள் கழித்துத்தான் 1,000-ஐத் தொடும். அந்தச் சிறு இடத்துக்குள் 60 கிராம் புரதத்தை நுழைக்க வேண்டும்.

எப்படி நுழைப்பது என்பதற்குக் கணக்கு உதவும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 100 மில்லி பாலிலும் 100 கிராம் தயிரிலும் 3 கிராமுக்குச் சற்று மேல். 100 கிராம் மீனில் சுமார் 20, பனீரில் சுமார் 18. ஓர் இட்லியில் 2 கிராம், 100 கிராம் சோற்றில் இரண்டரை கிராம். காலையில் இரண்டு முட்டை, முற்பகலில் 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்த ஒரு டம்ளர் பால், மதியம் 75 கிராம் மீனும் கொஞ்சம் கெட்டிப் பருப்பும், இரவு 60 கிராம் பனீர் என்று போனால் 60 கிராம் நெருங்கிவிடும். இதில் ஒரு வேளையைத் தவறவிட்டாலும் அன்றைய இலக்கு எட்டாது. இதே இலக்கை இட்லியால் எட்ட முப்பது இட்லி வேண்டும்.

சைவ உணவுக்காரர்களுக்கு இது இன்னும் கடினம். பருப்பைப் புரத உணவு என்று எண்ணிப் பழகிவிட்டோர் கவனிக்க வேண்டியது, 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் இருக்கிறது, அதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக மாவுச்சத்தும் இருக்கிறது. சாம்பாராகக் கரைத்து ஊற்றும்போது ஒரு கரண்டிக்குள் வரும் பருப்போ மிகச் சொற்பம். பால், தயிர், பனீர், டோஃபு, பாதிக்கு மேல் புரதமாகவே அமைந்த சோயா உருண்டை ஆகியவற்றைத் துணைக்கு அழைத்தாக வேண்டும். அப்படியும் போதாதபோது மோர்ப்புரதத் தூள், அதாவது வே புரோட்டீன், ஒரு கரண்டிக்கு 20 கிராமுக்கு மேல் தரும். உடற்பயிற்சிக்கூட இளைஞர்களின் பொருள் என்று அதை வீட்டுப் பெரியவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதுண்டு. அது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கப்படும் பால்புரதம்தான். சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்குவது மட்டுமே முக்கியம். அறுவைக்குப் பிறகு சிலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிறு உப்பி, பேதியாகலாம். அவர்களுக்குத் தயிர், மோர், லாக்டோஸ் நீக்கிய தூள் ஒத்துக்கொள்ளும்.

ஆக, தட்டின் இலக்கணமே மாறுகிறது. தமிழ்ச் சாப்பாட்டில் சோறுதான் சாப்பாடு. மீனும் முட்டையும் கூட்டும் பொரியலும் அதற்குத் தொட்டுக்கொள்ள. மீன் குழம்பு வைத்த அன்று கூட ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு துண்டு மீன் என்பதுதான் கணக்கு. அறுவைக்குப் பிறகு இந்த வரிசை தலைகீழாகிறது. முதலில் மீன், பிறகு காய், இடம் மிஞ்சினால் இரண்டு கவளம் சோறு. பெரும்பாலான நாட்களில் இடம் மிஞ்சாது. சமையல் வகைகளை மாற்ற வேண்டியதில்லை. வரிசையையும் விகிதத்தையும் மாற்றினால் போதும். மருத்துவமனைகள் தரும் சில அட்டவணைகளில் ஓட்ஸும் கிரேக்கத் தயிரும் அவகாடோவும் நிறைந்திருப்பதைப் பார்த்து மிரள்பவர்களுக்கு, துணியில் தொங்கவிட்டு நீர் வடித்த வீட்டுத் தயிரே அந்தக் கிரேக்கத் தயிர் என்பது ஆறுதலாக இருக்கும்.

எப்படிச் சாப்பிடுவது என்பதும் எதைச் சாப்பிடுவது என்பதற்குச் சமமான பாடம். சிறு கரண்டி, சிறு கிண்ணம், ஒவ்வொரு வாய்க்கும் இருபது முப்பது முறை மெல்லுதல், ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம். குழம்பிலும் ரசத்திலும் பிசைந்த சோறு மெல்லப்படாமலே வழுக்கிக்கொண்டு இறங்கும். சோறு தின்று வளர்ந்தவர்களுக்கு மெல்லும் பழக்கமே குறைவு. அவசரமாக விழுங்கிய ஒரு வாய் இப்போது மார்புக்கு நடுவே கல்லாக நிற்கும். அதற்கு முன்பே உடல் சில சைகைகள் காட்டும்: விக்கல், தும்மல், மூக்கில் நீர், மார்பில் ஓர் அழுத்தம். அந்தச் சைகை வந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான கட்டளை. கடைசிக் கவளம் உள்ளே போய்த் திரும்பி வருவதை விடத் தட்டிலேயே இருப்பது நல்லது.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது என்பது அடுத்த விதி. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்தே நீர் அருந்தச் சொல்கிறார்கள். சிறு பையில் இரண்டுக்கும் இடமில்லை. தண்ணீர் முந்திக்கொண்டால் புரதம் வெளியே நிற்கும். நீர் உணவை அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் சீக்கிரம் பசிக்கும் என்றும் சொல்வதுண்டு. அதற்கு ஆய்வுச் சான்று அவ்வளவு வலுவாக இல்லை. இடப்பற்றாக்குறை என்ற காரணமே போதுமானது. நடைமுறையில் சிக்கல் ரசம் சாதமும் மோர் சாதமும்தான்: திடமும் நீர்மமும் ஒரே கவளத்தில். ரசத்தைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து பிரித்து, மாலையில் தனியே சூப்பாகக் குடிப்பது பலருக்குச் சரிப்பட்டு வருகிறது.

பைபாஸ் செய்துகொண்டவர்களை அதிகமாகவும், ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் சிலரையும் அச்சுறுத்துவது டம்பிங் எனப்படும் கோளாறு. இயல்பான இரைப்பை, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகவே குடலுக்குள் விடும். அந்தக் காவல் போன பிறகு, பாயசமோ பழச்சாறோ நேராகக் குடலில் கொட்டுகிறது. அடர்ந்த சர்க்கரைக் கரைசல் இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும். சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிசைவு, பேதி. இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். திடீரென ஏறிய சர்க்கரைக்கு எதிர்வினையாக இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து, இரத்தச் சர்க்கரை சரிந்து, கை நடுங்கும், கண் இருளும். இந்த இரண்டாம் வகை பெரும்பாலும் அறுவைக்கு ஓராண்டு கழித்துத் தலைகாட்டுகிறது. நடுக்கத்தைத் தணிக்க மிட்டாயை வாயில் போட்டால் அப்போதைக்கு நிற்கும். கூடவே புரதம் எதுவும் சாப்பிடாவிட்டால் அந்த மிட்டாயே அடுத்த சரிவைக் கொண்டுவரும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழச் சாறு ஆகியவை வெள்ளைச் சர்க்கரையை விட நல்லவை என்று நம்பிச் சேர்ப்பவர்கள் அதிகம். குடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. விருந்து இலையில் இனிப்பை முதலில் வைத்து அதையே முதலில் உண்ணும் வழக்கமும் இங்கே எதிராக வேலை செய்கிறது. வெறும் வயிற்றில் இறங்கும் இனிப்புதான் மிக வேகமாகப் பாயும். உண்டே ஆக வேண்டிய இடத்தில், கூட்டும் தயிரும் உண்ட பிறகு கடைசியில் ஒரு நுனிக்கரண்டி என்பது தப்பிக்கும் வழி.

எண்ணெயில் பொரித்தவையும் டம்பிங்கைப் போன்ற தொந்தரவைத் தரலாம், கலோரியும் அதிகம். ஆனால் கொழுப்பை அடியோடு நீக்குவதும் சரியல்ல. எடை வேகமாகக் குறையும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் செறிவு கூடுகிறது. கொழுப்பே இல்லாத உணவில் பித்தப்பை சுருங்கி விரிய வாய்ப்பில்லாமல் அந்த நீர் தேங்கிக் கல்லாக உறைகிறது. இதைத் தடுக்க முதல் ஆறு மாதங்களுக்கு அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரையைப் பல மருத்துவர்கள் தருகிறார்கள். தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய், மீனில் உள்ள கொழுப்பு ஆகியவை இருக்கலாம்.

ஸ்லீவ் செய்தவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை: நெஞ்செரிச்சல். குழாயாகிவிட்ட இரைப்பைக்குள் அழுத்தம் அதிகம், அமிலம் மேலேறுகிறது. வத்தக்குழம்பு, புளிக்குழம்பு, காரச் சட்னி ஆகியவற்றை முதல் மாதங்களில் அடக்கி வைப்பதும், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இரவு உணவை முடிப்பதும் பயன் தரும். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே பாயை விரிக்கும் வழக்கத்தை விட்டாக வேண்டும்.

மாத்திரைகள் உணவுக்குத் துணைதான் என்று எண்ணிச் சில மாதத்தில் விட்டுவிடுவது பரவலான பிழை. இவர்களுக்கு அவை உணவின் பகுதி, அதுவும் வாழ்நாள் முழுவதற்கும். ஏன் என்பதற்குக் கேழ்வரகு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. கால்சியத்துக்குப் பேர்போன தானியம் அது. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. அறுவைக்குப் பின் நாளொன்றுக்குத் தேவைப்படுவது 1,200 முதல் 1,500 மில்லிகிராம். அதற்குக் குறைந்தபட்சம் கிட்டத்தட்ட 350 கிராம் கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டித் தின்ன வேண்டும். 150 மில்லி இரைப்பையில் அது நடக்காது. பைபாஸ் என்றால் கால்சியத்தை அதிகம் ஈர்க்கும் முன்சிறுகுடலே வழியில் இல்லை. அமிலம் குறைந்த இரைப்பையிலும் கரைவதால் கால்சியம் சிட்ரேட் வகை விரும்பப்படுகிறது. ஒரே நேரத்தில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடல் ஏற்பதில்லை என்பதால் அதைப் பிரித்து விழுங்க வேண்டும். கூடவே வைட்டமின் டி.

இரும்புச்சத்தும் முன்சிறுகுடலில்தான் அதிகம் உறிஞ்சப்படுகிறது. அதைக் கரைக்க அமிலம் வேண்டும். இரண்டும் குறைந்துவிட்ட நிலையில், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இரத்தசோகை மிக எளிதில் வரும். அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கம் 2016-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், இவர்களுக்கு நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பைப் பரிந்துரைக்கிறது. இரும்பு உறிஞ்சப்படுவதைக் கால்சியம் தடுக்கும்; இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது வேண்டும். டீயும் காபியும் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாதவை. காலை காபியோடு இரும்பு மாத்திரையைப் போடுவதும் போடாமல் இருப்பதும் ஏறத்தாழ ஒன்று. நெல்லிக்காய், எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உள்ளவற்றோடு போடுவது உதவும். முருங்கைக்கீரை நல்லதுதான்; ஆனால் இந்தப் பள்ளத்தை அது மட்டும் நிரப்பாது.

வைட்டமின் பி12 மெதுவாக மறையும் சத்து. அதை உறிஞ்ச, இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் கூடவே வர வேண்டும். இரைப்பை சுருங்கியதும் அது குறைகிறது. கல்லீரலில் உள்ள சேமிப்பு ஆண்டுக்கணக்கில் தாங்குவதால், குறை உடனே தெரியாது. கால் விரல்களில் மரத்துப்போன உணர்வாக வெளிப்படும்போது நரம்பு கெட்டிருக்கலாம். பால், தயிர் தவிர வேறு மூலமில்லாத சைவர்களில் பலர் அறுவைக்கு முன்பே பி12 குறைந்தவர்கள். தினமும் 350 முதல் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது மாதம் ஒரு 1,000 மைக்ரோகிராம் ஊசி என்பது வழக்கம்.

பி12-க்கு நேர் எதிர், பி1 என்ற தயமின். உடலின் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். புழுங்கல் அரிசி தின்னும் ஊர்களுக்கு இதன் குறை ஒரு காலத்தில் குறைவாகவே இருந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கித் தீட்டினாலும் தங்கிவிடும். அறுவை செய்துகொண்டவர்களுக்கோ இப்போது அரிசியே வயிற்றுக்குள் அதிகம் போவதில்லை. அறுவைக்குப் பின் ஒருவர் பல நாள் வாந்தியெடுத்துக்கொண்டே இருந்தால் தயமின் முழுக்க வற்றிவிடும். பார்வை இரட்டையாகி, கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, பேச்சு குழம்பும் வெர்னிக்கே மூளைப் பாதிப்பு அப்போது வரலாம். தாமதித்தால் மீளாத மறதியில் முடியும். தயமின் செலுத்தாமல் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவது இதை மோசமாக்கும். எஞ்சியிருந்த தயமினையும் குளுக்கோஸ் செலவழித்துவிடுகிறது. வாந்தி, களைப்பு என்று தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ள ஊரில், எடைக்குறைப்பு அறுவை செய்திருப்பதை முதலில் சொல்லிவிடுவது அவசியம். இரண்டு மூன்று நாள் தொடரும் வாந்தி இந்த மாதங்களில் சாதாரணம் அல்ல.

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பலருக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். பிரசவத்துக்குப் பிறகும் கடும் காய்ச்சலுக்குப் பிறகும் உதிர்வது போன்றதே இது. உடல் நெருக்கடியில் முடிவேர்கள் ஒட்டுமொத்தமாக ஓய்வுக்குப் போகின்றன. பெரும்பாலும் தானே திரும்ப வளரும். புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைந்தால் உதிர்வு நீளும். எண்ணெயை மாற்றுவதால் பயன் இல்லை.

மூன்றாம் மாதத்துக்குப் பின் பச்சைக் காய், பழம், கொட்டைகள், சிறுதானியம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். நாரை மட்டும் கவனிக்க வேண்டும். வாழைத்தண்டின் நார், முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் வெள்ளைத் தோல், பலாச்சுளை ஆகியவை சரியாக மெல்லப்படாவிட்டால் சிறு பையில் பந்தாகத் திரண்டு வழியை அடைக்கக்கூடும். முருங்கைக்காயை வழித்து உண்டு சக்கையைத் துப்பும் வழக்கம் ஏற்கெனவே இருப்பது நல்லதாயிற்று. வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கி மோரில் போட்டு நாரைச் சுற்றி எடுக்கும் பழைய முறையும் அப்படியே. மலச்சிக்கல் இந்த மாதங்களில் பலருக்கும் உண்டு. காரணம் பெரும்பாலும் நீர் குறைவு.

இதே கட்டத்தில்தான் இன்னொரு வகை உணவு ஓசையில்லாமல் உள்ளே வரும். முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம், பால்கோவா. வாயிலேயே கரைந்துவிடும் இவை இரைப்பையில் தங்கி நிறைவு தருவதில்லை. கறி இரண்டு துண்டில் நிறுத்தச் சொல்லும் வயிறு, மிக்சரை ஒரு பொட்டலம் வரை அனுமதிக்கும். தொலைக்காட்சி முன் சிறிது சிறிதாகக் கொறித்துக்கொண்டே இருந்தால் எந்த அறுவையும் அதைத் தடுக்காது. நேரம் குறித்த மூன்று வேளை உணவும், தேவைப்பட்டால் புரதம் மிகுந்த இரண்டு சிறு வேளைகளும் என்று வரையறுப்பது இதனால்தான்.

குளிர்பானத்தின் வாயு சிறு பையை உப்பவைக்கும். அதில் உள்ள சர்க்கரையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மதுவின் ஒரு பகுதியைச் சிதைக்கும் நொதி இரைப்பைச் சுவரில் இருக்கிறது. அது குறைந்து, மது குடலுக்கு விரைந்து போவதால், முன்பு தாங்கிய அளவில் பாதியே இப்போது தலைக்கேறும். பைபாஸ் செய்தவர்களில் மதுப் பழக்கச் சிக்கல் இரண்டாம் ஆண்டிலிருந்து கூடுவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. புகையும், தலைவலி மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளும் இணைப்பில் புண் உண்டாக்கும்; பாராசிட்டமால் அப்படிச் செய்வதில்லை. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மருந்துகளின் அளவு முதல் வாரத்திலிருந்தே குறைக்கப்பட வேண்டியிருக்கும். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரையும் அழுத்தமும் அபாயமாக இறங்கிவிடும்.

நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டிய உடலுக்கு நீர் அருந்தாத நோன்பு ஒத்துவராது. முதல் ஆண்டிலாவது கடும் விரதங்களைத் தள்ளிப்போடுவது நல்லது. கருத்தரிப்பையும் 12 முதல் 18 மாதம் வரை ஒத்திப்போடச் சொல்கிறார்கள். எடை சரிந்துகொண்டிருக்கும் உடலில் வளரும் கருவுக்குச் சத்து போதாது. எடை குறைந்த பெண்களில் முன்பு கருத்தரிக்காதவர்களும் எளிதில் கருவுறுவதால், இதைக் குடும்பத்தார் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும்.

எடை மிக வேகமாகக் குறைவது முதல் ஆறு மாதங்களில். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அது தன் அடிமட்டத்தைத் தொட்டு நின்றுவிடும். பசி மெல்லத் திரும்பும். பை சற்று நெகிழ்ந்து கொடுக்கும். ஒரு வேளைக்கு ஒரு கிண்ண அளவு இறங்கும். 1987-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த சுவீடன் நாட்டு ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. அந்த ஏழு சதவீதம் ஒரே நாளில் திரும்பி வந்ததல்ல. இரண்டாம் ஆண்டில், கூட்டுக்கும் மீனுக்கும் முன்னால் சோறு மறுபடி தட்டின் நடுவுக்கு நகரத் தொடங்கும்போது வருவது.